அடிப்பூச்சின் அருமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் கைவினைக் காட்சியையொட்டி நிகழ்த்திய உரை)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளின் பெருமை பற்றியும் கம்பனின் கவிநயம் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு நமக்கு இடப்பட்ட பணி, மாதிரி விமானத்திற்கு வண்ணம் பூசுவது எங்ஙனம் என்பதைக் கூறுவது. "ஆண்டு விழாவில் பேசுதற்கு இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதில் தவறில்லை. ஆயினும், கையால் ஒரு பொருளைச் செய்யப் பழகும் பிள்ளை, பாடப் புத்தகத்தில் காணாத சில உண்மைகளைக் கண்டு கொள்கின்றான். அவற்றுள் தலையாயது ஒன்றை எடுத்துக்காட்டவே இவ்வுரை. கண்ணுக்குத் தெரியும் மேற்பூச்சின் அழகு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சிலேதான் அடங்கியிருக்கிறது என்பதே அவ்வுண்மை.

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதை நம் வீட்டுப் பெண்மக்கள் என்றோ கடைப்பிடித்து வந்துள்ளனர். சாணம் தெளித்துப் பெருக்கி, ஈரம் பதமாக இருக்கும் வாசலிலேதான் கோலம் நின்று விளங்கும். புழுதி படிந்த தரையில் இட்ட மாவு காற்றோடு போய்விடும். நவராத்திரிக் கொலுவிற்கு நாம் ஊரிலிருந்து கொணரும் மண் பொம்மைகளுக்கும் முதலில் வெள்ளைப் பூச்சுக் கொடுத்த பின்னரே வண்ணம் தீட்டுகின்றனர். தஞ்சாவூர் ஓவியர் பலகைமேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகே தூரிகையைக் கையில் எடுக்கின்றனர். நம் குடியிருப்பிலிருந்து மோதிபாக் பட்டறைக்குச் சென்று பணியாற்றும் அன்பர்கள் இன்னொன்றும் அறிவர். இரும்பு உடல் கொண்ட பழைய ரயில் பெட்டியைப் புதுப்பிக்கும்போது, துருவைச் சுரண்டி, செந்நிற ஆக்சைடு அடிப்பூச்சு அடித்து, பட்டி பார்த்து, தேய்த்து, மீண்டும் ஓர் இடைப்பூச்சுக் கொடுத்த பின்னரே மேல்வண்ணம் ஏறும். பிரயாணிகள் காண்பது மேல்வண்ணம் ஒன்றையே. அதைத் தாங்கி நிற்பன அடியிலுள்ள அத்தனை பூச்சுக்களும்.

நம் சிறுவர்கள் இவ்வாண்டு எடுத்துக்கொண்டது டகோட்டா விமானம். ஏன் டகோட்டா எனின், அதற்கும் நாம் வாழும் இந்த நாகபுரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் முதன்முதல் பறந்த இவ்விமானம், இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரக் கணக்கில் கட்டப்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றுள் பல இந்திய விமானக் கம்பெனிகளின் கைக்கு வந்தன. 1953இல் 8 கம்பெனிகளை ஒன்று சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்டபோதும் அதன் முதுகெலும்பாய் விளங்கியவை டகோட்டாக்களே. அதற்கு முன்பே, 1949இல் இரவு விமானத் தபால் தொடங்கப்பட்டது. டில்லி, அந்நாளைய பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களினின்றும் இரவில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியின் சோனேகாவ் நிலையத்தில் வந்து கூடும். தபால் பைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும். பொழுது புலர்வதற்குள் தத்தம் ஊர் திரும்பும். ஊரிலிருந்து கடிதம் வருமா எனக் காத்திருந்த வடநாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் கடிதங்கள் பலவும் இவ்வூரின் இருளில் கைமாறியே சென்றன. அவ்விமானத்தை நம் பிள்ளைகள் செய்ய விரும்பியது பொருத்தமே அன்றோ!

இனிச் செய்முறைக்கு வருவோம். உண்மை விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை சுமார் 29 மீட்டர். 72இல் 1 பங்காகச் சுருக்கிய மாதிரியில் அது சுமார் 40 சென்டிமீட்டர். அளவு சுருங்கினாலும் வண்ணத்தின் கனம் தானாகச் சுருங்குவதில்லை என்பதைச் சிறுவர் உணர வேண்டும். ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், மாதிரியின்மேல் வண்ணம் படிந்துவிட்டால், உண்மை விமானத்தின் கணக்கில் அது 7 மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சாகும்! ஜன்னல் விளிம்பும் தகட்டு இணைப்பின் மெல்லிய கோடுகளும் அதனுள் புதைந்துபோம். ஆதலின், மெல்லிய பூச்சு என்பதே இக்கலையின் முதல் விதி.

பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள் அச்சினின்றும் எளிதில் கழன்று வரும்பொருட்டு அச்சில் ஒருவகை எண்ணெய்ப் பொருளைத் தடவுவதுண்டு. அதன் மிச்சம் பாகங்களின்மேல் படிந்திருக்கலாம். நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசையும் அதனோடு சேரும். எண்ணெய்மேல் வண்ணம் பற்றாது. எனவே, பாகங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். விமானத்தை ஒட்டி முடித்த பின், வண்ணம் பூசுவதற்கு முன்னரும் ஒருமுறை துடைத்தல் நலம். அதன் பிறகு வெறுங்கையால் தொடாது, வால்பக்கத் துளையில் ஒரு குச்சியைச் செருகி அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இரு பாதிகளாய் வந்த விமான உடலை ஒட்டியதும் நடுவே ஒரு கோடு தெரியும். இறக்கை உடலோடு சேரும் இடத்திலும் இடைவெளி இருக்கும். இவற்றைப் பட்டியால் நிரப்பி, நன்கு காய்ந்த பின் தேய்க்க வேண்டும். முதலில் 400 எண் உப்புத்தாள், அடுத்து 600, முடிவில் 1000. நீரில் நனைத்துத் தேய்த்தால் தாள் அடைபடாது, தூசியும் பறக்காது. "வண்ணம் பூசினால் எல்லாம் மறைந்துவிடும்" என்று சிறுவர் சொல்வதுண்டு. மாறாக, வண்ணம் எதையும் மறைப்பதில்லை. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குப் புலப்படாத கீறல், பளபளக்கும் வண்ணத்தின் அடியில் பட்டப்பகல்போல் வெளிப்பட்டு நிற்கும். அலுமினிய நிறம் இதில் எல்லாவற்றினும் கண்டிப்பானது.

அடுத்தது கடைக்காரர் பிரைமர் என்று கொடுக்கும் அடிப்பூச்சு. இது மூன்று பணிகளைச் செய்கின்றது. முதலாவது, பிளாஸ்டிக்கை இறுகப் பற்றிக்கொண்டு, தன்மேல் வரும் வண்ணத்திற்கும் பிடிப்பளிக்கிறது. இரண்டாவது, பிளாஸ்டிக்கின் நிறம், பட்டியின் நிறம், பசையின் கறை ஆகிய எல்லாவற்றையும் ஒரே நிறமாக்குகிறது. மூன்றாவது, குற்றங்களைக் காட்டிக் கொடுக்கிறது. பலர் கருதாத இம்மூன்றாவது பணியே பெரும்பணி என்பது நம் எண்ணம். சாம்பல் நிற அடிப்பூச்சு உலர்ந்ததும் விமானத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், தேய்ப்பில் விட்டுப்போன கோடு, பட்டியில் விழுந்த குழி யாவும் தெரியும். உடனே அவ்விடத்தை மட்டும் சரிசெய்து மீண்டும் அடிப்பூச்சுக் கொடுக்கலாம். குற்றம் கண்டவிடத்துத் திருத்துவதற்கு இதுவே கடைசி வாய்ப்பு. இதன்பின் திருத்துவது மும்மடங்கு உழைப்பு.

உண்மை விமானங்களுக்கும் அடிப்பூச்சு உண்டு. அலுமினியத்தின்மேல் வண்ணம் எளிதில் பற்றாதாகையாலும், உலோகம் அரிக்கப்படாமல் காக்க வேண்டியிருத்தலாலும், துத்தநாகக் குரோமேட்டு என்னும் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுடைய அடிப்பூச்சை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். உடல்நலத்திற்குத் தீங்கானது எனக் கண்டு இன்று அதனைக் குறைத்து வருகின்றனர்.

அடிப்பூச்சின் நிறத்தையும் எண்ணித் தெரிந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான வண்ணங்களுக்குச் சாம்பல் நிறம் ஏற்றது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகியவற்றை இருண்ட அடியின்மேல் பூசினால் ஒளி மங்கும். அவற்றிற்கு வெள்ளை அடிப்பூச்சே தக்கது. மெருகேற்றிய உலோகம்போல் மின்ன வேண்டுமாயின், பளபளப்பான கறுப்பின்மேல் உலோக வண்ணம் பூசுவர்.

இப்பொழுது நம் ஊரின் பருவத்தைப் பற்றிக் கூற வேண்டும். டப்பாவின்மேல் அச்சிட்டுள்ள குறிப்புகள் நாகபுரியை எண்ணி எழுதப்பட்டவை அல்ல. மே மாதத்தில் இங்கு வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்நாளில் ஸ்பிரே டப்பாவிலிருந்து கிளம்பும் வண்ணத் துளி, விமானத்தை அடையுமுன்னரே வழியில் உலர்ந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். வெயில் படும் தாழ்வாரத்தில் ஸ்பிரே டப்பாவை வைப்பதோ பெரும் ஆபத்து. 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைக்கலாகாது என அதன்மேலேயே எழுதியிருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது லாக்கர் வண்ணம் பூசினால் மேற்பரப்பு பால்போல் வெளுத்துப் போவதைக் காணலாம். குளிர்ந்த நீர் வைத்த தம்ளரின் வெளிப்புறத்தில் நீர் முத்துக்கள் அரும்புகின்றன அல்லவா? அதே காரணம்தான். வண்ணத்திலுள்ள தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வண்ணத்துள் சிக்கிக்கொள்கிறது. ஆகவே, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையே, காற்று அடங்கிய வேளையே நம் ஊரில் வண்ணம் பூச உகந்த காலம். பொங்கலையொட்டி நம் விழா அமைந்திருப்பது இவ்வகையிலும் நல்லதாயிற்று.

பூசும் முறை வருமாறு: டப்பாவை 2 நிமிடம் நன்கு குலுக்க வேண்டும். விமானத்திற்கும் டப்பாவிற்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் இருத்தல் வேண்டும். விமானத்திற்கு வெளியே பீய்ச்சத் தொடங்கி, ஒரே சீராகக் கையை நகர்த்தி, மறுபுறம் வெளியே சென்றதும் நிறுத்த வேண்டும். விமானத்தின்மேலேயே தொடங்கினாலும் நிறுத்தினாலும் அவ்விடத்தில் வண்ணம் திரண்டு வழியும். முதல் பூச்சில் அடிநிறம் தெரிந்தால் கவலற்க. அது தெரியவே வேண்டும். மெல்லிய பூச்சு மூன்று, கனத்த பூச்சு ஒன்றினும் மேலானது. விமானத்தில் பூசுமுன் பழைய பிளாஸ்டிக் கரண்டி ஒன்றில் பூசிப் பார்த்தல் அறிவுடைமை. கரண்டியும் விமான உடலைப்போல் வளைந்ததாதலின் நல்ல சோதனைப் பொருளாகும்.

வண்ண வகைகளுக்கும் ஒரு முறைவைப்பு உண்டு. லாக்கர், எனாமல், அக்ரிலிக் என மூவகை இன்று கடைகளில் கிடைக்கின்றன. லாக்கரின் தின்னர் மிக வலியது. எனாமலின்மேல் லாக்கரைப் பூசினால் அடியிலுள்ள எனாமல் சுருங்கி முதலையின் தோல்போல் ஆகிவிடும். எனவே வலியது அடியிலும் மென்மையானது மேலிலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, யாவற்றினும் அரிதாகிய காத்திருத்தல் பற்றிக் கூறுவோம். எனாமல் வண்ணம் இருமுறை உலர்கின்றது. முதலில் தின்னர் ஆவியாகிறது; தொட்டால் கையில் ஒட்டாது. அதனால் உலர்ந்துவிட்டது என எண்ணுகின்றோம். ஆனால் அதன்பின்னரே, காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி உள்ளே இறுகத் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மூன்று நாட்கள், சில வேளை அதனினும் மிகுதியாக ஆகும். உலர்ந்ததா இல்லையா என்பதை அறிய எளிய வழி, மூக்கருகே கொண்டு சென்று முகர்ந்து பார்ப்பதே. வண்ண வாடை சிறிதேனும் வீசினால் அது இன்னும் இறுகவில்லை.

இவ்விடத்தில் நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூற வேண்டியுளது. சென்ற ஆண்டு டகோட்டா ஒன்றைச் செய்யத் தொடங்கிய சிறுவன், தன் கைச்செலவுக் காசைச் சேர்த்து அதை வாங்கியவன். பாதி வேலை நடந்துகொண்டிருக்கையில் அவன் தந்தைக்குப் பிலாஸ்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ரயில்வே குடும்பங்களுக்கு இது புதிதன்று. சாமான்கள் கட்டப்படுமுன் விமானத்தை முடித்துத் தன் நண்பர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கழுவவில்லை, அடிப்பூச்சுக் கொடுக்கவில்லை, வெள்ளை எனாமல் பூசிய மறுநாளே பார்சல் ஒட்டும் டேப்பை அதன்மேல் ஒட்டிச் சிவப்புப் பட்டை தீட்டினான். டேப்பை உரித்தபோது, வாழைப்பழத் தோல்போல் வெள்ளை வண்ணமும் கூடவே உரிந்து வந்தது. ஒரு பக்க ஜன்னல் வரிசை முழுதும் வெறும் பிளாஸ்டிக்காய் நின்றது. பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. விமானத்தை நண்பன் ஒருவன் வீட்டில் வைத்துவிட்டு, "எனக்கு இது வராது" என்று மட்டும் கூறி ஊருக்குப் புறப்பட்டான்.

"எனக்கு இது வராது" என்னும் அச்சொல்லே நம்மை வருத்தியது. அவனுக்குக் கை வராமல் இல்லை. ஒட்டு வேலையும் தேய்ப்பு வேலையும் பெரியோர் மெச்சும்படி செய்திருந்தான். அவனுக்கு இல்லாமற் போனது 10 நாள் அவகாசம் ஒன்றே. அவன் நண்பர்கள் மூவர், ஒரு சிறுமியும் இரு சிறுவர்களும், அவ்விமானத்தை எடுத்துக்கொண்டனர். பழைய வண்ணத்தைத் தேய்த்து நீக்கி, முதலிலிருந்து முறைப்படி செய்தனர். இன்று காட்சி மேசையில் இருக்கும் டகோட்டா அதுவே. அதன் கீழுள்ள அட்டையில் முதற்பெயராக அவன் பெயரையே அவர்கள் எழுதியிருக்கின்றனர். விழா முடிந்ததும், பணியின் பொருட்டுப் பிலாஸ்பூர் செல்லவிருக்கும் அன்பர் ஒருவர் அதை அவனிடம் சேர்ப்பிக்க ஒப்புக்கொண்டுள்ளார்.

டேப்பை உரிக்கும்போது வண்ணமும் உரியும் துன்பம் நம் சிறுவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மறைப்பு நாடா தோன்றியதே அதனால்தான். 1920களில் அமெரிக்காவில் இருவண்ணக் கார்களுக்கு மோகம் மிகுந்திருந்தது. ஒரு வண்ணத்தை மறைத்து மற்றொன்றைப் பூசுவதற்காகத் தொழிலாளர்கள் செய்தித்தாளை வலிய பசைகளால் ஒட்டினர். உரிக்கும்போது புதுவண்ணமும் கூடவே வந்து தொழில் கெட்டது. பின்னாளில் திரீ எம் என வழங்கப்பெற்ற கம்பெனியில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்னும் இளைஞர், உப்புத்தாளைச் சோதித்தற்பொருட்டுப் பட்டறைகளுக்குச் சென்றபோது இத்தொல்லையைக் கண்டார். பொறியியற் படிப்பை முடிக்காதவர் அவர். ஆயினும் விடாது முயன்று, ஒட்டவும் வேண்டும், உரிக்கும்போது தீங்கின்றி வரவும் வேண்டும் என்னும் இரு குணங்களும் அமைந்த காகித நாடாவை 1925இல் ஆக்கித் தந்தார். தேய்க்கும் தாளைச் சோதிக்கச் சென்ற இடத்தில் மறைக்கும் நாடா பிறந்தது வியப்பன்றோ!

ஆகவே, பார்சல் டேப்பையும் கண்ணாடி டேப்பையும் விலக்கி, மறைப்பு நாடாவையே வாங்குக. அதையும் முதலில் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, புதிய பிளேடால் ஓரத்தை நேராக வெட்டிக்கொள்க. சுருளின் ஓரத்தில் தூசும் பிசிறும் இருக்கும். அதைக்கொண்டு நேர்கோடு எழாது. கண்ணாடியில் ஒருமுறை ஒட்டி எடுப்பதால் பசையின் கடுமையும் சற்றுக் குறையும். வளைந்த இடங்களுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிய மெல்லிய நாடா நன்கு வளைந்து கொடுக்கும். கோட்டின் ஓரத்தை அதனால் அமைத்து, எஞ்சிய இடத்தை அகலமான நாடாவாலும் காகிதத்தாலும் மூடலாம். பின்னர்ப் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அக்காலப் பிரயாணி விமானங்கள் பலவற்றில் கூரைப்பகுதி வெள்ளையாகவும், ஜன்னல் வரிசையை ஒட்டி ஒரு வண்ணப் பட்டையும், கீழ்ப்பகுதி வெறும் உலோக நிறத்திலும் இருக்கும். வெயிலில் நிற்கும்போது உள்ளே சூடு ஏறாமல் இருக்கவே கூரைக்கு வெள்ளை. பட்டையின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாதலின் புகைப்படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். நம் சிறுவர்கள் முதலில் வெள்ளையையும், அது இறுகியபின் பட்டையையும், இறுதியாக உலோக நிறத்தையும் பூசினர். வெளிர் நிறம் முன்னும் அழுத்தமான நிறம் பின்னுமாகச் செல்வதே எளிது. அழுத்தமான நிறத்தின்மேல் வெள்ளையை ஏற்றுவது கடினம்.

பட்டையின் கோடு நேராக அமைய ஒரு வழி உண்டு. மரக்கட்டை ஒன்றின்மேல் பென்சிலைக் கிடையாகக் கட்டி, மேசைமேல் கட்டையை நகர்த்தினால், விமான உடல் முழுவதும் ஒரே உயரத்தில் மெல்லிய குறி விழும். ஆனால் டகோட்டா வாலில் சிறு சக்கரம் உடையது. தரையில் மூக்கை உயர்த்தி வாலைத் தாழ்த்தியே நிற்கும். ஆகவே வாலின் கீழ்ச் சில புத்தகங்களை அடுக்கி உடலைச் சமமாக்கிய பிறகே குறியிட வேண்டும். இதை மறந்தால் பட்டை ஏறுமுகமாகப் போய்விடும்.

நாடா ஒட்டிய பின் பட்டையின் நிறத்தை உடனே பூசிவிடலாகாது. முதலில் அடியிலுள்ள வெள்ளையையே நாடாவின் ஓரத்தில் மெல்லியதாகப் பூச வேண்டும். நாடாவின் அடியில் எங்கேனும் நுண்ணிய இடைவெளி இருப்பின் அவ்வெள்ளை அதனுட் புகுந்து அடைத்துவிடும். வெள்ளையின்மேல் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அதற்குப்பின் பூசும் சிவப்போ நீலமோ புகுவதற்கு வழியில்லை. இச்சிறு உபாயம் ஒன்றே கத்தியால் வெட்டியதுபோன்ற கோட்டைத் தரும்.

நாடாவை உரிப்பதற்கும் பதம் உண்டு. வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் உரிக்கலாம். நாள் கணக்கில் விட்டுவைத்தால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், பசை வண்ணத்தின்மேலேயே தங்கிவிடும். நேர் மேலே இழுக்காமல், நாடாவைத் தன்மீதே மடக்கி, பரப்பை ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். இறுதியாக, விமானியின் கண் கூசாதிருப்பதற்காக மூக்கின் மேற்புறத்தில் பளபளப்பற்ற கறுப்பு பூசி, எழுத்து ஒட்டுப்படங்களை ஒட்டி, யாவற்றின்மேலும் நிறமற்ற மெல்லிய வார்னிஷ் ஒன்று கொடுத்தால் வேலை முடிந்தது.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. லாக்கரும் தின்னரும் எளிதில் தீப்பற்றுவன. அவற்றின் ஆவி நுரையீரலுக்கும் தலைக்கும் கேடு செய்வது. சமையலறை அருகிலோ, விளக்கோ ஊதுவத்தியோ எரியும் அறையிலோ பூசுதல் கூடவே கூடாது. நம் குவார்ட்டர்களின் பின்முற்றமே தக்க இடம். துணி முகமூடி தூசியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி அமைந்த முகமூடியே பயன்படும். சிறுபிள்ளைகள் நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசிப் பழகுவது நன்று. ஸ்பிரே டப்பாவைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

பெற்றோர்களே! நம் போன்றோர் குடியிருப்பில் வாழ்பவர்கள். இன்று இவ்வூர், நாளை எவ்வூரோ. பிள்ளைகள் பள்ளியை மாற்றுகின்றனர்; மொழியை மாற்றிக் கற்கின்றனர்; நண்பர்களை விட்டுப் பிரிகின்றனர். ஆகவே எதையும் விரைந்து முடித்துவிட வேண்டும் என்னும் பதற்றம் அவர்களிடம் தானே வந்து குடிகொள்கிறது. நாமும், "இன்னும் முடியவில்லையா? இதனால் என்ன மதிப்பெண் வரப்போகிறது?" என்று கேட்டு அப்பதற்றத்தை வளர்க்கின்றோம். பட்டி பார்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் அழகாகக் காட்டுவதற்கு எதுவும் இராது. சாம்பல் பூசிய ஒரு பொருள்தான் இருக்கும். அந்நிலையில்தான் அவனுக்கு நம் ஆதரவு தேவை. முடிந்த விமானத்தை யாரும் புகழ்வர். முடியாத விமானத்தைக் கையில் வாங்கி, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, "இவ்விடத்தில் ஒரு குழி இருக்கிறது, கண்ணா, நாளை சரி செய்வாய்" என்று சொல்லும் தந்தையும் தாயுமே அப்பிள்ளைக்குத் தொழில் கற்பிக்கின்றனர்.

ஆகவே வரும் ஆண்டு முதல் நம் கைவினைக் காட்சியில், முடிந்த பொருள்களோடு அடிப்பூச்சு நிலையிலுள்ள பொருள்களையும் வைக்க இடம் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டிக்கொள்கின்றோம். சாம்பல் நிற விமானம் ஒன்றைக் கொண்டு வர எந்தச் சிறுவனும் வெட்கப்பட வேண்டாம். அதன் பொருத்துகளைத் தடவிப் பார்த்துப் பாராட்ட நாம் இருக்கின்றோம்.

 பிள்ளைகள் கைத்திறன் ஓங்குக!